கண்ணாடிக் கூடாரத்தில் முளைத்த வேர்க்கடலை

2006-ஆம் வருடம், மாசி மாதம். திருவண்ணாமலையில் வேங்கிக்கால் போகும் வழியில் ஒரு பள்ளி மைதானத்தில் பொருட்காட்சி போட்டிருந்தார்கள். அப்போது நான் கம்ப்யூட்டர் இன்ஜினீயரிங் கடைசி வருடம். நானும் என் தோழியும் அங்கே ஒரு கண்ணாடிக் கூடாரம் கட்டினோம். அதுதான் எங்கள் புராஜெக்ட்.

எட்டுப் பக்கக் கூடாரம். ஒரு பக்கம் வாசல், மற்ற ஏழு பக்கமும் ஆள் உயரக் கண்ணாடி. நடுவில் கூரையைத் தாங்க ஒரு தூண். அதிலும் கண்ணாடித் துண்டுகள் ஒட்டியிருந்தோம். ஒவ்வொரு கண்ணாடிக்குப் பின்னாலும் ஒரு பழைய மானிட்டர், முன்னால் ஒரு மிதியடி. மிதியடிக்கு அடியில் ஸ்விட்ச். மிதித்தால் கண்ணாடிக்குள் படம் எழும்பி, சுற்றியுள்ள கண்ணாடிகளில் பட்டு நூறாகத் தெரியும். படம் வேறென்ன, எங்கள் கீழ்பென்னாத்தூர் பக்கத்துப் பயிர், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலைதான். முதல் கண்ணாடியில் விதை, அடுத்து முளை, இலை, பூ என்று போய் ஏழாவதில் பிடுங்கிய கொத்து. ஏழையும் வரிசையாக மிதித்தால்தான் கடைசியில் எல்லாக் கண்ணாடியிலும் ஒரே நேரத்தில் மஞ்சள் பூவாகக் கொட்டும்.

நாலு மணிக்குச் சென்னையிலிருந்து தேர்வாளர் வருவார். ஜனங்கள் உள்ளே போய் வருவதைப் பார்த்துத்தான் மார்க். அதில் கோட்டை விட்டால் பாஸ் கிடையாது. பாஸ் இல்லாவிட்டால் கைக்கு வந்திருந்த பெங்களூர் வேலையும் கிடையாது.

இரண்டு மணிக்குத் திறந்தோம். முதலில் வந்த குடும்பம் நேராக இடது கைப்பக்கம் திரும்பியது. முதல் கண்ணாடி வாசலுக்கு வலது பக்கம் இருக்கிறது! அவர்களுக்கு வரிசை பின்னாலிருந்து முன்னாகத் தெரிந்தது. கடைசியில் ஒற்றை விதை, அப்புறம் இருட்டு. "அவ்ளோதானா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

அடுத்து வந்தவர்களும் அப்படியே. சிவப்பு பெயிண்டில் பெரிய அம்புக்குறி வரைந்தேன். தோழி டிராஃபிக் போலீஸ் மாதிரி கையை நீட்டிக்கொண்டு நின்றாள். எல்லாரும் நன்றாகத் தலையாட்டுவார்கள், அப்புறம் இடது பக்கமே போவார்கள். ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய், மூன்று சுற்றுச் சுற்றி, தூணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்கு வந்ததே கோபம்! "படிக்கத் தெரியாத ஜனங்கடி" என்று தோழியிடம் பொருமினேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

மூன்று மணி தாண்டியிருக்கும். கிரிவலப் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலையிலிருந்து நாலைந்து பெண்கள் வந்தார்கள். அவர்களில் முப்பது வயது இருக்கும் ஒரு அக்கா, வெளியே வரும்போதே விழுந்து விழுந்து சிரித்தார்.

"இன்னாம்மா இது? மல்லாட்டைய மொதல்ல புடுங்கிட்டு அப்பறமா வெதைக்கிறீங்க?"

"அம்பு போட்டிருக்கில்லக்கா? அந்தப் பக்கமா போனா சரியா வரும்" என்று நான் சிடுசிடுத்தேன்.

"நடுவுல தூண வச்சிட்டு எடமா சுத்தச் சொன்னா எப்பிடிம்மா? காலே வராதே! நீ வேற ஊரா?"

எனக்குப் பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. நான் வேறு ஊரா? விவரம் தெரிந்த நாளிலிருந்து பௌர்ணமிக்குப் பௌர்ணமி அம்மா கையைப் பிடித்துக்கொண்டு மலையை வலம் வந்தவள் நான். நடுவில் எது இருந்தாலும் அதை வலது கைப்பக்கம் வைத்துத்தான் இந்த ஊர்க் கால்கள் சுற்றும். அப்படி வலம் வர, வாசலில் இடது பக்கம்தான் திரும்ப வேண்டும். கணக்குப் புத்தகத்தில் கோணத்தைக் கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கமாக எண்ணுவார்களே, அப்படியே நானும் நம்பர் போட்டுவிட்டேன். நாங்கள் சோதித்துப் பார்த்தபோதும் நம்பரைப் பார்த்துத்தான் நடந்தோம். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

நல்ல வேளை, கண்ணாடி எதையும் நகர்த்த வேண்டாம். புரோகிராமில் வரிசையைத் திருப்பினால் போதும். நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன், தோழி அம்புக்குறியைத் துணி போட்டு மூடினாள். அந்த அக்கா கூட்டத்தைப் பார்த்து, "கொஞ்சம் இருங்க, பொண்ணு சரி பண்ணுது!" என்று வாசலை மறித்துக்கொண்டு நின்றார். நான் கடைசி வரியை அடிக்கவும் தேர்வாளர் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. சோதித்துப் பார்க்கக்கூட நேரமில்லை.

அக்காவும் அவர் கூட்டமும்தான் முதலில் போனார்கள். இடது பக்கம்.

"ஐய, வெத விழுந்துச்சு பாரு! மொளச்சிட்டுதுடி! பூ வச்சிட்டுது!"

ஏழாவது மிதியடியில் கால் பட்டதும் எல்லாக் கண்ணாடியிலும் மஞ்சள் பூ கொட்டியது. உடனே அந்தப் பெண்கள் ஒரே குரலில், "அண்ணாமலையாருக்கு அரோகரா!" என்றார்கள். வெளியே வரிசையில் நின்றவர்கள் என்ன ஏது என்று தெரியாமலே, "அரோகரா!" என்று திருப்பிக் கத்தினார்கள். நானும் தோழியும் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தோம்.

தேர்வாளர் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். அவரும் இடது பக்கம்தான்! வெளியே வந்து, "மொதல்லயே இப்படித்தான் டிசைன் பண்ணீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் ஆசை வந்தது. ஆனால் பக்கத்தில் அக்கா நிற்கிறாரே!

"இல்லைங்க சார். நீங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி வரைக்கும் தப்பா இருந்துச்சு. இந்த அக்கா சொல்லித்தான் தெரிஞ்சுது."

அவர் சிரித்துக்கொண்டே எதையோ எழுதினார். பாஸாகிவிட்டோம். வேலையும் கிடைத்தது.

இன்றைக்கும் அலுவலகத்தில் நான் செய்துகொடுத்த திரையில் யாராவது தப்பான பட்டனை அழுத்தினால், கூட இருப்பவர்கள் அவர்களைத் திட்டுவார்கள். நான் மட்டும் எழுந்து போய் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் கை ஏன் அங்கே போனது என்று கேட்டுத் தெரிந்துகொள்கிறேன்.