அண்ணன் கட்டிக் கொடுத்த பை

சாத்தம் படகுத்துறைக் கழிப்பறையில் எனக்குப் பின்னால் வரிசை நின்றது. எனக்குச் சிறுநீர் வரவில்லை. கூச்சத்தில், போனதுபோல் பாவனை செய்து வெளியே வந்தேன். இப்படியே ஐந்து மாதம் மறைத்தேன். என்னைப் போல மறைப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கடைசியில் போர்ட் பிளேர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் சுரப்பியிலிருந்து இரத்தத்தில் கலக்கும் புரதம்) பார்த்தார்கள். அதிகமாக இருந்தது. பிறகு பயாப்சி (ஊசியால் சதைத் துணுக்கு எடுத்துச் சோதிப்பது). புற்றுநோய். கடல் தாண்டி மெயின்லேண்ட், சென்னைக்குப் போகச் சொன்னார்கள்.

பதினோரு வருடத்துக்கு முன் என் அண்ணனுக்கும் இதுதான் வந்தது. அடிவயிற்றைத் திறந்து சுரப்பியை எடுத்தார்கள். நோய் போயிற்று. சிறுநீரை அடக்கும் பிடிப்பும் அதோடு போயிற்று. அதற்குப் பிறகு, சாத்தத்திலிருந்து எங்கள் ஊருக்குப் போகும் பாம்பூஃப்ளாட் போட்டில் அண்ணன் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கம்பியைப் பிடித்து நிற்பார். கடல்காற்று பிடிக்கும்போல என்று நினைத்திருந்தேன்.

நான் கிளம்பும் அன்று ஒரு பையைக் கொடுத்தார். ரப்பர் ஷீட், டயப்பர் கட்டு, அவருடைய கறுப்பு பேண்ட் இரண்டு.

"கறுப்புதான் போடணும். நனைஞ்சா தெரியாது. போட்ல பெஞ்சுல உக்காராத, எந்திரிச்சா ஈரம் காட்டிக் குடுத்துரும்."

அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. தன் பழைய பைலையும் கொடுத்தார். குடும்பத்தில் யாருக்கு இருந்தது என்று கேட்பார்களாம்.

சென்னை டாக்டர் இரண்டு பைலையும் பக்கத்துப் பக்கத்தில் விரித்தார். க்ளீசன் எண் (நோயணுக்களின் முரட்டுத்தனத்துக்குப் போடும் மதிப்பு) இரண்டிலும் ஆறு.

"ஆபரேஷன் எப்போ சார்?"

"இப்போ வேண்டாம். இது மெதுவா வளர்றது. இப்பல்லாம் இதைக் கண்காணிக்கிறோம். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ரத்தம், அப்பப்போ ஸ்கேன், பயாப்சி. மாறினா எடுத்துடலாம். அதுவும் சின்னத் துளை வழியா, ரோபோ கை வச்சு."

"அண்ணனுக்கு?"

பைலை மூடினார். "அப்போ கண்டுபிடிச்சா எடுத்துடறதுதான் வழக்கம்."

சிறுநீர்த் தடை சுரப்பியின் சாதாரண வீக்கத்தால் வந்தது என்று மாத்திரை எழுதினார். இதைப் படிக்கும் உங்கள் எண் வேறாக இருக்கலாம். சிலருக்கு அறுவையே உயிர் காக்கும், பலருக்குப் பிடிப்பும் திரும்பிவிடும் என்றும் டாக்டர் சொன்னார். என்னை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

விமானத்தில் ஒரு பொய்யைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். என் எண் நாலு, அதனால்தான் வெட்டவில்லை என்று அண்ணனிடம் சொல்லிவிடலாம்.

அண்ணன் சாத்தத்தில் காத்திருந்தார். நான் நடந்து வருவதைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"வெட்டலையா?"

"வேணாமாம்ண்ணே. பாத்துட்டே இருக்கணுமாம்."

"அச்சா. நம்பர் என்ன?"

"ஆறு," என்றேன். பொய் வரவில்லை.

போட் கிளம்பியது. அண்ணன் கம்பியைப் பிடித்தபடி நின்றார். "என்னோடதும் ஆறுதான்," என்றார். பிறகு, "எனக்கு வியாதி கொஞ்சம் அவசரப்பட்டு வந்துருச்சுடா. அவ்ளோதான்." சிரித்தார்.

பையைத் திருப்பி நீட்டினேன். "வச்சுக்க. எப்ப மாறும்னு யார் கண்டா?" என்றார்.

இரண்டு வருடமாகிறது. பை என் அறை ஆணியில் தொங்குகிறது. எனக்கு இப்போது வருடக் கணக்கு இல்லை, ஒரு சோதனையிலிருந்து அடுத்த சோதனை வரை ஆறாறு மாதங்கள்தான். உள்ளே இருப்பது வலிப்பதில்லை, அசைவதில்லை. ஆனாலும் எந்நேரமும் அதற்குக் காது கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

போட்டில் பெஞ்சு காலியாகத்தான் இருக்கும். என் துணி உலர்ந்துதான் இருக்கிறது. அண்ணன் நிற்கும்போது எனக்கு உட்கார வருவதில்லை.