மருதாணி படிந்த பிரேக் ரப்பர்

மின்விசிறிக் காற்றில் தாள்கள் பறந்துவிடாமல் என் மேசையில் உட்கார்ந்திருப்பது ஒரு பிரேக் மிதியின் ரப்பர். உள்ளங்கை அளவு, கறுப்பு, குறுக்கே வரிவரியாகப் பள்ளம். ஒரு காலத்தில் அந்தப் பள்ளங்களுக்குள் மருதாணி காய்ந்து கிடந்தது. எப்போதோ பொடியாய் உதிர்ந்துவிட்டது. ஆனாலும் எழுத உட்கார்ந்து வரி வராத காலை வேளைகளில் விரலை அதில் ஓட்டி முகர்ந்து பார்க்கிறேன். ரப்பர் வாசம்தான் வருகிறது. ரப்பர் தோட்டத்தில் பிறந்தவனுக்கு அதுவும் வீட்டு வாசம்தானே.

அக்காவின் கல்யாணத்துக்கு முந்திய நாள் அது. சுங்கை சிப்புட்டில், பழைய தோட்டத்தின் ஓரத்தில் எங்கள் வீடு. ரப்பர் மரங்கள் போய் எண்ணெய்ப் பனையான செம்பனை வந்து வெகுகாலம் ஆகியிருந்தது. விடிந்தால் புந்தோங் கோயிலில் தாலி. கோயில் வாசலில் அப்பாவின் நீலக் காரிலிருந்துதான் இறங்குவேன் என்று அக்கா சொல்லியிருந்தாள். அப்பா இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அக்கா அழுது கேட்கவில்லை. உத்தரவு மாதிரிதான் சொன்னாள். மருத்துவமனையில் தாதியாக இருந்தவள், ஒரு வார்டு முழுவதையும் அந்தக் குரலிலேயே மருந்து குடிக்க வைப்பாள். வேறு காரைப் பற்றிப் பேச யாருக்கும் தைரியம் வரவில்லை.

நானும் மாமா மகனான மச்சானும் காரைக் கழுவி மெழுகு தேய்த்ததோடு நிறுத்தியிருக்கலாம். கல்யாணக் கார் என்றால் சக்கரத்தின் இடுக்கிலும் மங்களம் தெரிய வேண்டும் என்று மச்சானுக்குத் தோன்றிவிட்டது. முன்சக்கரங்களைக் கழற்றினோம். பிரேக் தட்டைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர் இரண்டையும் எண்ணெய்க் குழாயிலிருந்து பிரித்தெடுத்து, குங்குமச் சிவப்பில் சாயம் அடித்து, பழைய பேப்பரின் மேல் வெயிலில் வைத்தோம். காய்ந்தபோது கோயில் படையலில் வைக்கலாம் போல இருந்தன. திரும்பப் பூட்டி மிதித்துப் பார்த்தால், மிதி இட்லி மாவில் கால் வைத்த மாதிரி தரைவரைக்கும் இறங்கிப் போயிற்று.

குழாயைப் பிரித்தால் காற்று நுழையும் என்பது எங்களுக்குத் தெரிந்ததுதான். எண்ணெய் அமுங்காது, நம் கால் கொடுக்கும் அழுத்தத்தை அப்படியே சக்கரத்துக்குக் கொண்டுபோகும். காற்று அமுங்கிக்கொடுத்து ஏமாற்றும். அதை விரட்ட ஒருவர் மிதிக்க வேண்டும், ஒருவர் சக்கரத்தடியில் படுத்துச் சின்னத் திருகைத் திறந்து மூட வேண்டும், ஒருவர் மேலே எண்ணெய் வற்றாமல் ஊற்றிக்கொண்டிருக்க வேண்டும். வீட்டு ஆண்கள் எல்லாரும் பந்தல் வேலையில் இருந்தார்கள். இரண்டு கைகளிலும் உள்ளங்கால்களிலும் மருதாணி வைத்துக்கொண்டு நாற்காலியில் சும்மா இருந்தவள் கல்யாணப் பெண் ஒருத்திதான்.

“காலுல வச்சது காஞ்சிருச்சுடா, நகரு,” என்று குதிகாலாலேயே நடந்து வந்தாள். காய்ந்திருக்கவில்லை. அம்மா பின்னாலேயே திட்டிக்கொண்டு ஓடிவந்து இருக்கையில் பிளாஸ்டிக் விரித்தார். அக்கா உட்கார்ந்து, இரண்டு கைகளையும் எதிலும் படாமல் விரித்து வைத்துக்கொண்டாள். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் ஆசி வழங்குவது போல இருந்தது. மச்சான் கீழிருந்து மிதி, பிடி, விடு என்று ராகம் போட்டான். திருகில் மாட்டிய, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாயில் குமிழிகள் மணிமணியாய் வந்தன, குறைந்தன, நின்றே போயின. மிதித்துப் பார்த்தால் அதே இட்லி மாவு.

மறுபடி காற்று எடுத்தோம். குழாய் இணைப்புகளைத் துடைத்துத் துடைத்துக் கசிவு தேடினோம்; சொட்டுக்கூட இல்லை. மச்சான் கையைத் துடைத்துக்கொண்டு, “மாஸ்டர் பம்ப் ரோசாக்லா, கெட்டுப்போச்சு. வாடகைக் கார் பாப்போம்,” என்று மெதுவாகச் சொன்னான். அக்காவின் கண் அப்பாவின் கை பட்டுத் தேய்ந்திருந்த ஸ்டியரிங்கில் நின்றது. எனக்கு மனசு கேட்கவில்லை. மிதித்து அப்படியே பிடித்திருக்கச் சொன்னேன். மிதிக்குப் பின்னாலிருந்து எண்ணெயைத் தள்ளும் அந்தப் பம்ப் போயிருந்தால் மிதி மெல்ல மெல்லக் கீழே இறங்க வேண்டும், இறங்கவில்லை. வேகமாகக் குத்திக் குத்தி மிதித்தால் மிதி மேலேறிக் கெட்டியானது. அப்படியானால் உள்ளே இன்னமும் காற்றுதான். எங்கே ஒளிந்திருக்கிறது?

அக்கா இறங்கிக் குதிகாலால் நடந்து வந்து, சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தினாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“ஊசியில காத்து நின்னா முனைய மேல தூக்கித்தான் தள்ளுவோம். நீங்க ரெண்டு பேரும் திருக கீழ வச்சிக்கிட்டு காத்த எறங்கி வான்னு கூப்பிடுறீங்க. அது என்ன, உங்க வீட்டு மாப்பிள்ளையா?”

நாங்கள் குனிந்தோம். மேலே இருக்க வேண்டிய திருகு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. சாயத்தின் அழகில் சொக்கிப்போய் வலதை இடப்பக்கத்திலும் இடதை வலப்பக்கத்திலும் பூட்டியிருக்கிறோம்.

“ரெண்டும் ஒரே சிவப்பா இருந்துச்சுக்கா,” என்றான் மச்சான்.

“நாளைக்கு மாலைய யாருக்காவது மாத்திப் போட்டுறாதீங்க.”

மாற்றிப் பூட்டினோம். அக்கா மறுபடி ஏறி மிதித்தாள். முதல் மிதியிலேயே குழாயில் ஒரு பெரிய குமிழி, ஏப்பம் விட்டது போல வெளியே வந்தது. அம்மாகூடச் சிரித்துவிட்டார். பிறகு மிதி பாதி வழியிலேயே கல்லாய் நின்றது. செம்பனைச் சாலையில் ஓட்டிப் பார்த்தேன். பின்னிருக்கையில் அக்கா, ஈரக் கைகள் ஜன்னலுக்கு வெளியே. குறுக்கே ஒரு கோழி ஓடியது. மிதித்தேன்; கார் நின்றது; கோழி தன்பாட்டுக்குப் போயிற்று. “ம், நிக்குது,” என்றாள் அக்கா. வீடு வரும்வரை செம்பனைகளைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

மறுநாள் அப்பாவின் காரிலிருந்துதான் இறங்கினாள். அம்மி மிதிக்கும்போது மாப்பிள்ளை அவள் வலது காலைத் தூக்கினார், அப்படியே நின்றுவிட்டார். இடது பாதம் முழுச் சிவப்பு. வலது பாதத்திலோ வெள்ளை வெள்ளையாய்க் கோடுகள். இது என்ன கோலம் என்று அவர் காதோடு கேட்க, தலை குனிந்திருந்த அக்கா, “பிரேக்,” என்றாள். நானும் மச்சானும் தூணுக்குப் பின்னால் போய்விட்டோம்.

அந்தக் கார் பழைய இரும்புக்குப் போன அன்று இந்த ரப்பரை மட்டும் உரித்து எடுத்துக்கொண்டேன். போன வாரம் அக்காவைத் தாப்பாவில் ஒரு உறவுக்காரர் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். என் புதுக் கார் தனக்கு என்ன குறை என்று தானே விளக்குப் போட்டுச் சொல்லும். அக்கா அதை நம்புவதில்லை. ஒவ்வொரு வளைவிலும் பக்கத்து இருக்கையிலிருந்தே வலது காலால் தரையை அழுத்தினாள். திரும்பி என் வீட்டுக்கு வந்து தேநீர் குடிக்கையில் மேசையைப் பார்த்தவள், சட்டென்று ரப்பரை எடுத்துத் தரையில் போட்டாள். செருப்பைக் கழற்றிவிட்டு, நரம்பு எழும்பிய பாதத்தை அதன்மேல் வைத்து அழுத்தினாள்.

“இன்னும் கெட்டியாத்தான்டா இருக்கு.”

மேசையிலிருந்த தாள்களெல்லாம் மின்விசிறிக் காற்றில் அறை முழுக்கப் பறந்துகொண்டிருந்தன. அவள் காலை எடுக்கவில்லை. நானும் எடுக்கச் சொல்லவில்லை.