யாகோப்பு லீட் வாசிக்கப் பழகியது

"நீங்க கிட்டார் வாசிப்பீங்களாமே" என்று யாராவது கேட்டால், "தட்டுவேன்" என்பார் யாகோப்பு. அடக்கம் என்று நினைத்துவிட வேண்டாம், உண்மையே அதுதான். இலங்கையில், பதுளைக்குப் பக்கத்து ஹாலிஎலையிலிருந்து மேலே ஏறும் ஒரு தேயிலைத் தோட்டத்தில், அந்தோனியார் கோவில் பாடகர் குழுவில், இருபத்து நான்கு வருஷமாக அவர் ஐந்தே ஐந்து கோர்ட் என்கிற சுரச்சேர்க்கைகளை மாற்றி மாற்றித் தட்டி வந்தார். பகலில் ஸ்டோரில் வேலை. தோட்டத்து ஆட்கள் தேயிலைத் தொழிற்சாலையை அப்படித்தான் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் தட்டல். அதற்கு மேல் அவரும் ஆசைப்படவில்லை, அவரிடம் யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. ஆட்கள் கோவிலுக்கு வந்தது அவருடைய மனைவி சூசையம்மாவின் பாட்டைக் கேட்க.

சூசையம்மா கொழுந்து பறிப்பவர். மலையில் தேயிலை வரிசையில் நிரை பிடித்து நின்று அவர் பக்கத்து ஆளைக் கூப்பிட்டால் அடுத்த மலையில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள், அப்படி ஒரு குரல். ஜூன் மாதம் அந்தோனியார் திருவிழாவன்று அந்தக் குரலுக்கென்று ஒரு வேலை இருந்தது. அந்தோனியாரின் சுரூபத்தைச் சப்பரத்தில் வைத்துக் கோவில் வாசலில் நிறுத்தியிருப்பார்கள். சூசையம்மா தன்னந்தனியாகத் திருவிழாப் பாட்டின் முதல் அடியைப் பாடுவார். அந்த அடி முடிந்த பிறகுதான் சப்பரத்துக்குத் தோள் கொடுப்பார்கள். அதன் பிறகுதான் மற்றச் சனம் பாட்டை எடுக்கும். பத்தொன்பது வருஷமாக இதுதான் முறை. யார் வகுத்தது என்று யாருக்கும் தெரியாது, பாதருக்கும் தெரியாது.

பிறகு சூசையம்மாவின் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. பதுளை ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டர் ஒளிவு மறைவில்லாமல் பேசினார். கட்டி குரல் நரம்பைச் சுற்றிக்கொண்டிருக்கிறது, எடுத்தால் உயிருக்குப் பயமில்லை, ஆனால் குரல் போகலாம் என்றார். உயிர் தங்கியது, குரல் போனது. வாயைத் திறந்தால் காற்றுத்தான் வந்தது. காதைக் கிட்டே கொண்டுபோனால் அந்தக் காற்றில் சொல் இருக்கும். யாகோப்புக்கு அதில் ஒரு குறையும் இல்லை. ஆளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்களே, அது போதும் என்பார். இன்றைக்கும் பஸ்ஸில் அந்த ஆஸ்பத்திரியைக் கடக்கும்போது அவருடைய கை தன்னால் நெஞ்சில் சிலுவை போடும்.

சூசையம்மாவுக்கு அது போதவில்லை. பூசைக்கு வந்தால் கதவோரம் உட்காருவார், கடைசிப் பாட்டுக்கு முன்னால் எழுந்து போய்விடுவார். பாடகர் குழு நிற்கும் மூலையை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அந்த வருஷத் திருவிழாவுக்கு அவர் வீட்டை விட்டே வெளிக்கிடவில்லை. முதல் அடியை இரண்டு பெண்கள் சேர்ந்து பாடினார்கள், ஒருத்தி மேலே, ஒருத்தி கீழே. அடி எங்கே முடிந்தது என்று விளங்காமல் சப்பரத்தின் ஒரு பக்கத்தை மட்டும் தூக்கிவிட, அந்தோனியார் கொஞ்ச நேரம் சரிந்து நின்றார். தோட்டமே சொல்லிச் சொல்லிச் சிரித்தது. யாகோப்பு வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது சூசையம்மா சிரிக்கவில்லை. லயத்து வரிசை வீடுகளில் அவர்களுக்கென்று இருந்த ஒற்றை அறைக் காம்பராவின் கதவைச் சாத்திக்கொண்டு அரிசி புடைக்கப் போய்விட்டார். அன்றைக்கு யாகோப்பு ஒன்றை மனதில் முடிந்துகொண்டார். அடுத்த திருவிழாவுக்குள் இவளைப் பழைய இடத்தில் நிற்க வைக்க வேண்டும். எப்படி என்பதுதான் அவருக்கே தெரியவில்லை.

வழி கிடைத்தது பதுளை பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில், ஸரூக்கின் போன் கடையில். உடைந்த போன் கண்ணாடியை மாற்றக் கொடுத்துவிட்டு நின்றபோது, கடைக் கணினியில் ஒரு வீடியோ ஓடியது. இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு வெள்ளைக்காரப் பெண், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கிட்டாரில் ஒற்றைக் கம்பியை வாசித்துக்கொண்டிருந்தாள். விரலால் கம்பியை மேலே தள்ள, சத்தம் இழுபட்டு ஏறி, ஒரு இடத்தில் நின்று நடுங்கியது. யாகோப்பு திரைக்குக் கிட்டப் போய் நின்றார். சூசையம்மா முதல் அடியின் உச்சியில் அப்படித்தான் ஏறி நிற்பார்.

"நானா, இது என்ன வாசிப்பு?" முஸ்லிம் அண்ணன்மாரை அங்கே நானா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"புளூஸ்னு சொல்றாங்க அண்ணே. இது லீட், பாடுற மாதிரியே ஒத்தக் கம்பியில வாசிக்கிறது. இந்த டீச்சர் சும்மா சொல்லிக் குடுக்குது, ஒரு சதம் கேக்கிறதில்ல. அறுபது பாடம் இருக்கு."

"அறுபதையும் எனக்குப் போட்டுத் தருவீங்களா?"

லயத்தில் டவர் கிடைக்காது என்பது ஸரூக்குக்குத் தெரியும். மெமரி கார்டில் எல்லாவற்றையும் இறக்கிக் கொடுத்தார். கண்ணாடி மாற்றிய கூலியை வாங்கினார், பாடத்துக்கு வாங்கவில்லை. "அந்தப் புள்ள சும்மா குடுக்குது, நான் எப்புடி வாங்குறது?" என்றார். அந்த ஒரு சொல்லுக்காகவே ஸரூக்கின் கடையைத் தவிர வேறு கடைப்படி ஏறுவதில்லை என்று யாகோப்பு தீர்மானித்துக்கொண்டார்.

ஐம்பத்திரண்டு வயதில் மாணவனாவது லேசான காரியமில்லை. டீச்சர் இங்கிலீஷில் பேசினாள். கீழே தமிழ் எழுத்து ஓடும். அதில் பாதி அவருக்குப் புரியும், மீதி யாருக்குமே புரியாது. ஆனாலும் விரல் பொய் சொல்லாது. ஐந்தாவது கட்டத்தில் விரலை வைத்தாள், யாகோப்பும் வைத்தார். முதல் பாடம் மட்டும் கம்பிக்குச் சுருதி சேர்ப்பது பற்றியது. இருபத்து நான்கு வருஷம் கோவில் ஆர்மோனியத்துக்குச் சுருதி சேர்த்தவனுக்கா இதைச் சொல்லித்தரப் போகிறாய் என்று அதைத் தள்ளிவிட்டு, இரண்டாம் பாடத்தில் தொடங்கினார். அந்த வீம்புக்கு எட்டு மாதம் கூலி கொடுக்க வேண்டி வந்தது.

என்ன வாசித்தாலும் போனில் வருகிற சத்தத்தோடு ஒட்டவில்லை. பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த சூசையம்மாவால் பொறுக்க முடியவில்லை. குரல் போனாலும் காது எங்கே போகும். எழுந்து வந்து காதருகில் சொன்னார்.

"போனு மேல நிக்குது. நீங்க கீழ நிக்கிறீங்க."

"டீச்சர் வச்ச கட்டத்துலதானே வச்சிருக்கேன்."

"கம்பியத் தள்ளுங்க, அந்தப் புள்ள தள்ளுற மாதிரி. இன்னும். இன்னுங் கொஞ்சம். ம், நில்லுங்க."

தள்ளினால் ஒட்டியது. ஆகா, புளூஸ் என்றால் இதுதான் போலிருக்கிறது, ஒவ்வொரு சுரத்தையும் தள்ளித்தான் எடுக்க வேண்டும் போலிருக்கிறது என்று இரண்டு பேரும் முடிவுக்கு வந்தார்கள். அதற்குப் பிறகு தினமும் வேலை விட்டு வந்ததும் இதே கதைதான். அவர் தள்ளுவார், சூசையம்மா கீரையோ வெங்காயமோ கையில் இருக்க, போதும், போதாது என்று தலையை ஆட்டுவார். விரல் நுனி பிய்ந்து, காய்ந்து, மறுபடி பிய்ந்தது. சுவரோடு சுவராக இருக்கும் அடுத்த காம்பரா கலாராணி, "யாகோப்பண்ணன் பூனை வளக்கிறாரா?" என்று விசாரித்தாள். மாதங்கள் போக, அவளே வேலியோரம் நின்று கேட்கத் தொடங்கினாள்.

அறுபதில் யாகோப்புக்கு மிகவும் பிடித்தது பதினேழாம் பாடம். கொஞ்சம் வாசி, பிறகு நிறுத்து, எதிரில் இருப்பவருக்குப் பேச இடம் விடு என்று டீச்சர் அதில் கையைக் காட்டிச் சொன்னாள். தட்டுகிறவன் இடம் விட்டால் பாட்டு படுத்துவிடும். லீட் வாசிப்பவனுக்கு இடம் விடுவதும் வாசிப்பில் சேர்த்தி. இது தெரியாமல் இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறேனே என்று அவர் மலைத்துப்போனார்.

ஏப்ரல் மாதம், விரல் வலி தாங்காமல், கிட்டாரைத் தூக்கிக்கொண்டு ஸரூக்கின் கடைக்குப் போனார். "இந்தப் புள்ளைக்கு மட்டும் விரல் நோகாதா? ஏதாவது மருந்து போடுதா? கேட்டுச் சொல்லுங்க நானா." ஸரூக் அவர் வாசிப்பதைப் படம் பிடித்து, இங்கிலீஷில் கேள்வியும் எழுதி, டீச்சருக்கு அனுப்பினார். அடுத்த வாரம் போனபோது ஸரூக்கின் முகத்தில் ஒரு மாதிரியான சிரிப்பு இருந்தது. கதிரையை இழுத்துப் போட்டு, முதலில் உட்காருங்கள் என்றார்.

"அண்ணே, டீச்சர் எழுதியிருக்கு. உங்க கிட்டாரு அரைச் சுரம் கீழ நிக்குதாம். அதான் எல்லாத்தையும் தள்ள வேண்டியிருக்காம். சரியாச் சுருதி வச்சா, பாதிக்கு மேல சும்மா தொட்டாலே போதுமாம்."

யாகோப்புக்கு அப்போதுதான் விளங்கியது. கோவில் ஆர்மோனியத்துக்கு அவரைவிட வயது அதிகம். அது எப்போதோ அரைச் சுரம் இறங்கிவிட்டிருக்கிறது, அதோடு சேர்ந்து தோட்டமே இறங்கிப் பாடிக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் வைத்துப் பார்க்க வேறு வாத்தியம் இருந்தால்தானே தெரியும்.

"இன்னொண்ணும் எழுதியிருக்கு. ஒவ்வொரு சுரத்தையும் தள்ளி, சரியான இடத்துல நிப்பாட்டுற ஆளை அது பாத்ததில்லையாம். ரெண்டு மூணு வருசம் பழகினவங்களுக்கே அது வராதாம். பக்கத்துல இருந்து சொல்லிக் குடுத்தது யாருன்னு கேக்குது."

"எங்க வீட்டுல உள்ளவங்கன்னு எழுதுங்க," என்றார் யாகோப்பு. பிறகு, "டீச்சருக்கு நல்ல தேயிலைத்தூள் ஒரு கிலோ அனுப்பலாமா?" என்று கேட்டார். விலாசம் தெரியாது என்றார் ஸரூக். யாகோப்புக்கு அது பெரிய மனக்குறை. முகம் தெரியும், விரல் தெரியும், கட்டில் விரிப்புக்கூடத் தெரியும், ஒரு பிடி தேயிலை கொடுக்க வழியில்லை. நன்றி என்று மட்டும் எழுதச் சொன்னார், அதையும் இரண்டு தரம் எழுதச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் சூசையம்மா சிரித்தார். சத்தமில்லாத சிரிப்பு, தோள் குலுங்கியது, கண்ணில் தண்ணீர் வந்தது. ஆப்பரேஷனுக்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான். எட்டு மாத விரல் வலி அத்தனையும் இதற்கே சரியாகிவிட்டது என்று யாகோப்பு நினைத்தார். நினைத்த கையோடு கேட்டும்விட்டார்.

"இந்தத் திருவிழாவுக்கு மொத அடிய நான் கிட்டாருல எடுக்குறேன். நீ வந்து பக்கத்துல நில்லு."

சிரிப்பு நின்றது. "கொரல் இல்லாதவளுக்கு அங்க என்னங்க வேல? நீங்க வாசிங்க. நான் பொம்பளைகளோட பின்னால நின்னு பாத்துக்கிறேன்." அதற்கு மேல் அவரை அசைக்க முடியவில்லை. வீட்டை விட்டு வெளிக்கிடச் சம்மதித்ததே பெரிது என்று யாகோப்பு அத்தோடு விட்டுவிட்டார்.

திருவிழாவன்று கிட்டாரை மறுபடி அந்தக் கிழட்டு ஆர்மோனியத்துக்கே இறக்கிக் கட்டினார். டீச்சர் மன்னிக்க வேண்டும்; தோட்டத்துச் சனத்தின் தொண்டை அங்கேதானே இருக்கிறது. பூசை முடிந்து சப்பரத்தை வாசலில் நிறுத்தினார்கள். அதைத் தூக்கும் எட்டுப் பேரில் முன்கொம்பில் பொன்னையா நின்றார். அவர் மாரியம்மன் கோவில் கமிட்டித் தலைவர், ஆனால் அந்தோனியாருக்கு முன்கொம்பு பிடிப்பதை வேறு யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. பாதர் தலையசைத்தார். யாகோப்பு மைக்குக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, முதல் அடியை எடுத்தார்.

விரலுக்கு வழி தெரிந்திருந்தது. சூசையம்மா மெல்லத் தொடங்கும் இடத்தில் மெல்லத் தொடங்கினார், அவர் மூச்சு எடுக்கும் இடத்தில் இடம் விட்டார். உச்சிச் சுரத்தில் கம்பியைத் தள்ளி, ஏற்றி, அது நடுங்கி நிற்கும்படி பிடித்தார். கூட்டத்தில் ஒரு குழந்தைகூட அழவில்லை. அடி முடிந்தது. தெளிவாகவே முடிந்தது, சந்தேகத்துக்கு இடமே இல்லை.

சப்பரம் எழும்பவில்லை.

பிழை விட்டுவிட்டேனா, இன்னும் ஒரு தடவை வாசிக்க வேண்டுமா என்று யாகோப்பு பொன்னையாவைப் பார்த்தார். பொன்னையா இவரைப் பார்க்கவே இல்லை. கொம்பில் கையை வைத்தபடி கூட்டத்துக்குப் பின்னால் எதையோ தேடிக்கொண்டிருந்தார். மற்ற ஏழு பேரும் அப்படியே நின்றார்கள்.

"என்ன பொன்னையா, தூக்கலாமே," என்றார் பாதர்.

"பாட்டு சரிங்க பாதர், கேட்டோம். அக்கா சொல்லட்டும். போன வருசம் அக்கா இல்லாமத்தான் சாஞ்சுபோச்சு."

கூட்டம் முழுக்கத் திரும்பியது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பெண்களுக்குப் பின்னால் நின்ற சூசையம்மாவுக்கு வழி விட்டு, இரண்டு பக்கமும் ஆட்கள் ஒதுங்கினார்கள். அவர் அசையவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை, அவசரப்படுத்தவும் இல்லை. எட்டு பேரும் குனிந்து கொம்பில் கைவைத்தபடி காத்திருந்தார்கள். யாகோப்பும் கம்பியில் விரலை வைக்காமல் இருந்தார்.

சூசையம்மா நடந்து வந்தார். சப்பரத்துக்கு முன்னால், பத்தொன்பது வருஷம் நின்ற இடத்தில் நின்று, பொன்னையாவைப் பார்த்து வாயைத் திறந்தார். தூக்குங்க என்றார். பக்கத்திலிருந்த யாகோப்புக்கே அது கேட்கவில்லை. அந்தோனியார் ஒரு பக்கமும் சாயாமல் எழும்பினார். சனம் பாட்டை எடுத்தது.

யாகோப்புக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது. அவளுடைய இடத்தை இந்தக் கிட்டாரால் நிரப்பலாம் என்று நினைத்தோமே, இந்த ஆட்கள் அந்த இடத்தை இத்தனை நாளும் வெறுமையாகவே வைத்துக் காத்திருந்திருக்கிறார்களே என்று நினைத்தார். யாருக்கென்று நன்றி சொல்வது. துடைத்துக்கொள்ளக் கை காலியில்லை, பாட்டுக்குத் தட்ட வேண்டியிருந்தது.