ரேகை வளர்த்தவள்

குடோனில் மிளகாய் வத்தல் காம்பு கிள்ள உட்கார்ந்தாலும் மாடம்மாள் அந்தப் பிளாஸ்டிக் உறையை மடியை விட்டு இறக்கமாட்டாள். உள்ளே இருப்பதெல்லாம் போராடி வாங்கியவை. வள்ளியூர்ப் பக்கம் வயக்காட்டில் பிறந்தவளுக்கு நாற்பத்தோராம் வயதில் பிறப்புச் சான்றிதழ். ரசீதே இல்லாத கோயில் கல்யாணத்துக்கு, லீவில் வந்த புருஷன் சுடலைக்கண்ணுவை இழுத்துப்போய் நிறுத்திப் பதிந்த பத்திரம். மூன்று முறை திருப்பி அனுப்பி நான்காம் முறை தந்த பாஸ்போர்ட். அரபு நாட்டில், தம்மாமில் வேலையில் இருக்கிற அவனிடம் போய்ச் சேரவேண்டும், அவ்வளவுதான். பதினாறு வருஷக் கல்யாணத்தில் சேர்ந்திருந்த நாட்களைக் கூட்டினால் ஒரு வருஷம் தேறாது.

காகிதங்களை வரிசை பிசகாமல் அடுக்கித் தந்தவர் அண்ணன் தளவாய். மலையாள நாட்டில் அவள் வேலை செய்யும் அதே ஆரியசாலைக் கடையில் மூட்டை நிறுப்பவர். "எட்டாங்கிளாஸ் படிச்ச எனக்கு ஆபீஸ்ல எந்த சன்னல்ல நிக்கணும்னு தெரியாது. பள்ளிக்கூட வாசல் மிதிக்காத இவளுக்குத் தெரியும்" என்று டீக்கடையில் சொல்லிச் சிரிப்பார்.

கண்ணைப் புறங்கையால்தான் துடைப்பாள். சோறு ஸ்பூனில். அண்ணன் பேத்தியை முழங்கைகளால் அணைத்துத் தூக்குவாள். பதினெட்டு வருஷக் காரம் விரலில் ஊறிக் கிடந்தது.

விசாவுக்கு விரல் பதிக்கக் கொச்சிக்குப் போனபோது மெஷின் பத்து விரலையும் தள்ளியது.

"சேச்சிக்கு ரேகையே இல்லல்லோ" என்றாள் கவுண்டரில் இருந்த பெண்.

"உங்க வீட்டுச் சாம்பாருக்குத்தான் மோளே அது போச்சு."

கொச்சியிலிருந்து திரும்பியவள் ஐம்பது நாள் வத்தலைத் தொடவில்லை. பாதிக் கூலிக்குக் கடையில் தண்ணீர் கொடுத்தாள். விரல்களில் தேங்காயெண்ணெய் தடவி வெயிலில் பிடித்துப் பார்ப்பாள்.

"என்ன மதினி, வெளைஞ்சாச்சா?" என்பாள் கூட வேலை செய்யும் செல்வமணி.

"மொளைச்சிருக்கு. நீ கண்ணு வைக்காத."

இரண்டாம் முறை மெஷின் ஏற்றுக்கொண்டது. விசா வந்தது. பத்தாம் நாள் டிராவல்ஸ்காரன் பிரஜின் கூப்பிட்டான்: தம்மாமிலிருந்தே விசாவைக் கேன்சல் செய்துவிட்டார்கள்.

அண்ணன் பக்கத்தில் இருக்க, போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"இங்க உள்ள சூடு நீ தாங்கமாட்ட. அங்கனயே இரி" என்றான் சுடலைக்கண்ணு.

"வத்தக் குடோன்ல கெடந்தவளுக்குச் சூடாக்கும்?"

அவனுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண், "ஆருங்க போன்ல? சோறு ஆறுது" என்றாள். மாடம்மாள் போனை வைத்துவிட்டாள்.

பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்க அண்ணனோடு போனாள். பிரஜின் ரிஜிஸ்டரைத் திறந்து மைப்பெட்டியை நகர்த்தினான். "சேச்சி, இங்க விரல் வெச்சா மதி, கையெழுத்து வேண்டா."

"மை வேண்டாம் தம்பி. பேனா குடு."

தளவாய் திகைத்துப் பார்த்தார். தம்மாமில் புருஷன் முன்னால் கையெழுத்துப் போட்டுக் காட்டுவதற்காக, அந்த ஐம்பது நாளும் கடை பில்லின் பின்பக்கத்தில் யாருக்கும் தெரியாமல் எழுதிப் பழகியிருக்கிறாள். கேன்சல் என்று எழுதியிருந்த வரியில், கோட்டை விட்டு இறங்காமல் ஐந்து எழுத்தையும் நிறுத்தினாள்: மாடம்மாள். அன்று 2024 ஜூன் 18, செவ்வாய்க்கிழமை.