குட்மேய்ஸில் இரண்டு மரியாதையான கணினிகள்

அத்தானின் கராஜுக்குள் கார் நின்று நான் பார்த்ததில்லை. லண்டனின் ஓரத்தில், குட்மேய்ஸில் அந்த வீட்டை வாங்கிய நாளிலிருந்து கார் தெருவில் நிற்கிறது. கராஜில் கணினிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றைக்கூட இன்று கடையில் வாங்க முடியாது.

அத்தான், அதாவது என் அக்காவின் கணவர், யாழ்ப்பாணத்தில் தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்தவர். லண்டனுக்கு வந்தபின் ஓய்வு பெறும்வரை பெட்ரோல் ஸ்டேஷனில் வேலைக்கு நின்றார். அவருடைய பழைய தொழிலைப் பற்றி இங்கே ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. ஆகவே பழைய கணினிகளைச் சேர்க்கும் ஒரு சங்கம், தன் கண்காட்சியில் அவருக்கு ஒரு மேசை தரலாம் என்று எழுதியபோது, அந்தக் கடிதத்தை அவர் பிளாஸ்டிக் உறை போட்டு வைத்தார். நிபந்தனை ஒன்றுதான். சங்கத்திலிருந்து ஒருவர் நேரில் வருவார். காட்சிக்கு வைக்கும் பொருள் அவர் கண்முன்னே வேலை செய்ய வேண்டும்.

பொருள் இது: வெவ்வேறு கம்பெனிகள் செய்த இரண்டு கணினிகள் ஒன்றோடொன்று பேசுவது. இன்று இதை ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ஆரம்ப காலத்தில் ஒரு கம்பெனியின் கணினி சொல்வது மற்றக் கம்பெனியின் கணினிக்குப் புரியாது. ஒவ்வோர் எழுத்தையும் ஒன்று ஒரு எண்ணாக வைத்திருக்கும், மற்றது வேறு எண்ணாக வைத்திருக்கும். அதனால் ஒவ்வொரு பெரிய கணினிக்குப் பக்கத்திலும் ஒரு சிறிய கணினியை வைத்தார்கள். சிறியதற்குத் தன் முதலாளியின் குணம் தெரியும். மற்றச் சிறியவற்றோடு அது பொதுவான விதிகளின்படி பேசும். இதையே அத்தான் கராஜில் செய்து காட்ட முயன்றார்.

"கலியாணத் தரகர் மாதிரி," என்றார் அக்கா.

"தரகர் இல்லையப்பா. இது எஞ்சினியரிங்."

"பெரிய ஆக்கள் நேரை கதைக்கமாட்டினம். இடையிலை ரெண்டு பேர் நிண்டு கதைப்பினம். தரகர்தான்."

அன்றிலிருந்து அந்தச் சிறிய பெட்டிகளுக்குத் தரகர் என்றே பெயர்.

ஒரு தரகருக்கு அத்தான் புரோகிராம் எழுதினார். மற்றத் தரகருக்கு அடுத்த வீட்டுக்காரர் எழுதினார். அவர் கோயம்புத்தூர்க்காரர், ஒரு வங்கியில் ஐடி வேலை. இருவரும் ஒரு மாதம் வேலிக்கு மேலால் விதிகளைப் பேசி முடிவு செய்தார்கள்: என்ன வேகம், எழுத்தை எப்படி எண்ணாக்குவது, பிழை வந்தால் யார் திருப்பி அனுப்புவது. ஒரு விதியை மட்டும் பேசவில்லை. பேச வேண்டும் என்று இருவருக்குமே தோன்றவில்லை.

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்குச் சங்கத்துப் பெண்மணி வந்தார். ஆங்கிலேயர், அறுபது வயதிருக்கும், கையில் ஒரு படிவம். நான் லண்டனின் தெற்கே லூயிஷாமிலிருந்து வந்து மூலையில் நின்றேன். கோயம்புத்தூர்க்காரர் தன் பெட்டியின் பக்கத்தில் நின்றார். அத்தான் டை கட்டியிருந்தார். கராஜில் ஹீட்டர் இல்லை என்பதால் டைக்கு மேல் அக்காவின் ஊதாச் சால்வை.

அத்தான் பட்டனை அழுத்தினார். ஆங்கில எழுத்து மட்டுமே தெரிந்த அந்தத் திரைகளில், தமிழ் அந்த எழுத்திலேயே வந்தது.

இடது திரை, அத்தானுடையது: "நீங்கள் முதல்லை சொல்லுங்கோ."

வலது திரை: "பரவாயில்லைங்க, நீங்க சொல்லுங்க."

இடது: "இல்லையில்லை, நீங்கள் சொல்லுங்கோ."

வலது: "பரவாயில்லைங்க, நீங்க சொல்லுங்க."

நாற்பது வரை எண்ணிவிட்டு நான் நிறுத்தினேன். என்ன நடக்கிறது என்று பெண்மணி கேட்டார். வரி வரியாக மொழிபெயர்த்தேன். ஆறாவது வரியில், போதும் என்று கையைக் காட்டினார்.

"தம்பி, உங்கடை பெட்டி ஏன் விஷயத்துக்கு வரேல்லை?" என்று கோயம்புத்தூர்க்காரரிடம் கேட்டார் அத்தான்.

"உங்க பெட்டி மொதல்ல பேசும்னு காத்திருக்குதுங்க, சார்."

"நான் மரியாதைக்கு உங்கடையை முதல்லை பேசச் சொல்லி எழுதினனான்."

"நானும் அப்படித்தானுங்க எழுதினேன். பெரியவங்க நீங்க இருக்கறப்ப எங்க பெட்டி எப்படி வாயத் தொறக்கும்?"

தேநீரும் பொரித்த ரோல்ஸும் கொண்டு வந்த அக்கா இரண்டு திரைகளையும் வாசித்தார். "நல்ல வளர்ப்பு," என்றார். "பின்னேரம் வரைக்கும் விட்டாலும் உதுகள் உப்பிடியே நிக்குங்கள்."

பெண்மணி சிரிக்கத் தொடங்கினார். கடித்த ரோல்ஸைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். மேசை உங்களுக்குத்தான் என்றார். ஒன்றையும் மாற்ற வேண்டாம், நாள் முழுக்க இதற்கு முன்னால் கூட்டம் நிற்கும் என்றார்.

"கெடச்சிருச்சுங்க சார்!" என்றார் கோயம்புத்தூர்க்காரர்.

"ஏலாது," என்றார் அத்தான். அதையே ஆங்கிலத்திலும் சொன்னார். "இது பிழை. பிழையைக் கொண்டுபோய் மேசையிலை வைச்சிட்டுப் பக்கத்திலை என்னாலை நிக்கேலாது."

"சனம் சிரிச்சிட்டுப் போகட்டுமேயப்பா," என்றார் அக்கா.

"இவனுக்கு வேலை தெரியாது எண்டெல்லோ சிரிக்கும்."

அத்தான் பெண்மணியிடம் பத்து நிமிடம் கேட்டார். பெண்மணி ஒரு பெயிண்ட் வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார்.

வயதில் மூத்த பெட்டி முதலில் பேச வேண்டும் என்றார் அத்தான். இளையதுதான் முதலில் வணக்கம் சொல்ல வேண்டும் என்றார் கோயம்புத்தூர்க்காரர். இளையது வணங்க வேண்டும், மூத்தது விஷயத்தைச் சொல்ல வேண்டும் என்று முடிவாயிற்று. எது மூத்தது? பெட்டிகளைத் திருப்பினார்கள். பெண்மணி முழங்காலிட்டு டார்ச் அடித்து, பின்னால் ஒட்டியிருந்த தாள்களை வாசித்தார். இரண்டும் ஒரே வருடத்தில் செய்தவை. ஒன்று மார்ச், மற்றது ஆகஸ்ட். அத்தானுடையது ஆகஸ்ட்.

"ஐஞ்சு மாசமெல்லாம் ஒரு மூப்போ?" என்றார் அத்தான். ஆனாலும் இரண்டு விரல்களால் தட்டித் தன் புரோகிராமில் அந்த வரியைத் திருத்தினார். கோயம்புத்தூர்க்காரரும் தன்னுடையதைத் திருத்தினார். அத்தான் பட்டனை அழுத்தினார்.

இடது திரை: "வணக்கம்."

வலது திரை: "வணக்கமுங்க. கேக்குதுங்களா?"

இடது: "ஓம், கேக்குது."

அத்தான் குனிந்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தார். ஒன்றும் விடுபட்டுப் போகவில்லை. சால்வையைக் கழற்றி மடித்து அக்காவிடம் கொடுத்தார்.

முன்னதுதான் நன்றாக இருந்தது என்று சொல்லிக்கொண்டே பெண்மணி படிவத்தில் கையெழுத்திட்டார். மேசை அட்டையில் அச்சிடுவதற்காக, பேனாவைத் தூக்கிப் பிடித்து, அத்தானிடம் தொழில் என்னவென்று கேட்டார்.

தொலைபேசி இணைப்பகத் தொழில்நுட்பவியலாளர் என்று அத்தான் ஆங்கிலத்தில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அது கட்டத்துக்குள் அடங்கவில்லை. பெண்மணி படிவத்தைத் திருப்பி ஓரத்தில் தொடர்ந்து எழுதினார்.

"பெட்ரோல் ஸ்டேஷனையும் போடச் சொல்லுங்கோவன்," என்றார் அக்கா. "உந்தப் பெட்டியெல்லாம் வாங்கித் தந்தது அதுதானே."

"அதுக்கு இடம் காணாது," என்றார் அத்தான்.