நீலப்பாறை

சர்க்கரை நோய் என் வீட்டுக்காரருடைய வலது கண்ணைத்தான் முதலில் எடுத்துக்கொண்டது. இடது கண்ணுக்கு லேசர் வைத்தார்கள். மதுரையில் கண் டாக்டருக்கா பஞ்சம், நாங்கள் போய் நிற்காத வாசல் இல்லை. கடைசியாகப் பார்த்த பெண் டாக்டர்தான் சுற்றி வளைக்காமல் சொன்னார். "உள்ளே ரத்தக்குழாய் ரொம்ப மெலிஞ்சு கிடக்கு. எப்ப வேணும்னாலும் கசியலாம். கசிஞ்சா திரை போட்ட மாதிரி ஆயிரும். கனம் தூக்காதீங்க, மூச்சுப்பிடிச்சு எதையும் இழுக்காதீங்க." எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இவர் நிதானமாக, "கடல்ல மீன் பிடிக்கலாங்களா?" என்று கேட்டார். டாக்டர் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். வேடிக்கை இல்லை என்று எனக்குத் தெரியும்.

செல்லூரில் விசைத்தறிக்கு உதிரி பாகம் விற்கிற கடை எங்களுடையது. ஆள் வராத நேரத்தில் இவருக்குச் செல்போனில் மீன் பிடிக்கிற வீடியோ பார்ப்பதுதான் வேலை. சமயநல்லூர்ப் பக்கம் கண்மாய்க்கரையில் வளர்ந்தவர். மூங்கில் குச்சியும் மண்புழுவுமாக ஜிலேபிக் கெண்டை பிடித்துப் பழகிய கை. நான் பேரையூர்க்காரி. எங்கள் பக்கம் குடிக்கத் தண்ணீர் கிடைத்தாலே பெரிய காரியம், இந்த மீன் கிறுக்கெல்லாம் எங்களுக்குக் கிடையாது.

ஒருநாள் வீடியோவை நிறுத்திவைத்துக்கொண்டு என்னைக் கடைக்குள்ளிருந்து கூப்பிட்டார். முழங்கால் தண்ணீரில் நிற்கிற ஒரு வெள்ளைக்காரன் கையில் ஒரு மீன். உடம்பெல்லாம் பொட்டுப் பொட்டாக, துடுப்பு ஓரம் முழுக்க அப்படியொரு நீலம்.

"இது என்ன மீனு தெரியுதா? பாறை."

"பாறை மீனு சாம்பலா இருக்கும். நான் ஆய்ஞ்ச பாறை எம்புட்டு, எனக்குத் தெரியாதா?"

"அதாண்டி. நீலப்பாறைன்னு ஒரு சாதி. உசுரோட இருக்கப்பதான் இந்த நெறம். செத்த கொஞ்ச நேரத்துல எறங்கிருமாம். மார்க்கெட்டுல நம்ம பாக்குறது பொணத்த."

அன்றிலிருந்து பிடித்தது சனியன். அந்த நீலத்தை ஒருதரம் நேரில் பார்க்க வேண்டும், கண் இருக்கும்போதே பார்க்க வேண்டும். வேறு பேச்சே இல்லை.

அந்த மீனைப் பிடிக்கிற தூண்டில் நம் ஊர்த் தூண்டில் மாதிரி இல்லை. புழு கிடையாது, ஈயக்குண்டும் கிடையாது. முள்ளில் சேவல் இறகைக் கட்டி, குட்டி மீன் மாதிரி காட்டுகிறார்கள். கனமெல்லாம் நூலில்தான். தலைக்கு மேல் பின்னால் ஒரு வீச்சு, முன்னால் ஒரு வீச்சு என்று நூலைச் சுழற்றி, எட்டத்தில் போய் மெதுவாக விழவைக்க வேண்டும். ஆன்லைனில் ஒரு தூண்டில் கம்பை வரவழைத்தார். கறிக்கடையில் சொல்லிவைத்து இறகு வாங்கினார். சாயங்காலமானால் மொட்டை மாடியில் ஏறி நின்று வீசுவார். பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த போர்வையில் முள் மாட்டிக்கொண்டு ஒரு பஞ்சாயத்தே நடந்தது. எதிர்வீட்டு ஆள் தினமும், "அண்ணே, காக்கா வெரட்டுறீகளா, பட்டம் விடுறீகளா?" என்று கேட்பார். இவர் அடுத்த வீச்சுக்கு நூலைச் சுழற்றுவார். நான்தான் மானம் போகிறதே என்று உள்ளே உட்கார்ந்து புழுங்குவேன்.

அந்த மீன் கிடைக்கிற மாலத்தீவுக்கே போகிறேன் என்றதும் சண்டை போட்டுப் பார்த்தேன். பேசாமல் இருந்து பார்த்தேன். டாக்டர் சொன்னதைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். எதுவும் எடுபடவில்லை.

"கண்ணு போகப்போகுதுன்னு ஆயிப்போச்சு. கடைசியா எதப் பாக்கணும்னு நான்தான சொல்லணும்? ஒன்னையத்தான் கல்யாணத்துலருந்து பாத்துக்கிட்டே இருக்கேனே."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தனியாக விட மனசு வராமல் நானும் கிளம்பினேன்.

மதுரையிலிருந்து கொழும்பு, கொழும்பிலிருந்து மாலத்தீவு, அங்கிருந்து படகு. நாங்கள் தங்கிய தீவு ஒரு வாரச்சந்தை கூடுகிற இடம்கூட இருக்காது. எங்களைக் கூட்டிப்போக வந்த வழிகாட்டிக்கு ஐம்பது வயதிருக்கும். அம்மாவின் வைத்தியத்துக்காகத் திருவனந்தபுரத்தில் பல மாதம் கிடந்தவராம், மலையாளமும் தமிழுமாகக் கலந்து பேசினார். பிடிக்கிற மீனை உயிரோடு திரும்பக் கடலில் விட்டுவிட வேண்டும் என்பது அவருடைய முதல் நிபந்தனை. விடுவதற்கு எதற்குப் பிடிக்க வேண்டும் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. "செத்தா அந்த நீலம் போயிருமே, அப்புறம் பிடிச்சு என்னத்துக்கு?" என்றார் இவர்.

அங்கே மீனைப் பிடிப்பதை விடப் பார்ப்பதுதான் பாடு. முழங்கால் ஆழத் தண்ணீரில் நடந்து நடந்து, நிழல் மாதிரி ஏதாவது அசைகிறதா என்று தேட வேண்டும். தண்ணீர் முழுக்க வெயில் தகதகக்கிறது. எனக்கே கண் கூசியது, பாதிக்கண் மனிதர் என்ன செய்வார்? வழிகாட்டிதான் பார்த்துச் சொன்னார். முதல் நாள் அவர் காட்டிய இடத்தில் இவருடைய இறகு அருமையாகப் போய் விழுந்தது. ஒரு மீன் பாய்ந்து கவ்வியும் விட்டது. கவ்வியதும் கம்பை அசைக்காமல் நூலை இடது கையால் நேராக இழுக்க வேண்டும் என்று வழிகாட்டி காலையிலேயே பாடம் நடத்தியிருந்தார். இவர் கண்மாயில் தக்கை முங்கியதும் வெட்டுகிற மாதிரி கம்பைத் தலைக்கு மேலே ஒரே வெட்டாக வெட்டினார். முள் மட்டும் பறந்து வந்தது. வழிகாட்டி தலையில் கையை வைத்துக்கொண்டு திரும்பி நின்றுகொண்டார்.

மறுநாள் கூத்து என்னால் வந்தது. அந்த ஊரில் திசையைக் கடிகாரக் கணக்கில் சொல்கிறார்கள். நேர் எதிரே என்றால் பன்னிரண்டு மணி, வலது கைப்பக்கம் மூன்று மணி, இடது கைப்பக்கம் ஒன்பது மணி. "யாரு மூக்குக்கு நேரா பன்னெண்டு, அவரு மூக்குக்கா என் மூக்குக்கா?" என்று இவர் கடுப்பானார். "ஏய், அவரு கையக் காட்டுற பக்கத்த நீ நம்மூரு மாதிரி சொல்லு."

நம்மூர் மாதிரி என்றால் கிழக்கு மேற்குதான். எங்கள் வீட்டில் டம்ளரைக் கேட்டால்கூட, "அடுப்புக்குத் தெக்கால இருக்கு பாருங்க" என்றுதான் சொல்வேன். கண்ணைக் கட்டிவிட்டாலும் மதுரைக்குள் எனக்குத் திசை தப்பாது. உச்சி வெயிலில் பவளப்பாறை விளிம்போரமாக ஒரு மீன் கூட்டம் வந்தது. வழிகாட்டி ஆழக்கடல் பக்கம் கையை நீட்டினார். "கெழக்கால! கெழக்கால வருது, வீசுங்க!" என்று கத்தினேன். இவர் சட்டென்று எதிர்ப்பக்கம் திரும்பி, தென்னை மரங்களைப் பார்த்து வீசினார். மீன் கூட்டம் எங்கள் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது.

"கெழக்கால எங்கடி மீனு? கெழக்கால கரையில்ல இருக்கு!"

"கடல் இருக்க பக்கம்தான கெழக்கு?"

"அது ராமேஸ்வரத்துலடி! இங்க எங்கிட்டும் கடலுதான்!"

பிறந்ததிலிருந்து கடலென்றால் கிழக்கே என்று வளர்ந்தவள் நான். கடலுக்கு நடுவே நிறுத்திவைத்துத் திசை கேட்டால் நான் என்ன செய்ய முடியும்? எனக்கும் கோபம் வந்தது. இவ்வளவு தெரிந்தவர் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுக் கரையில் போய் உட்கார்ந்தேன். அன்று மீன் இல்லை. சாப்பாட்டின்போதும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை.

அடுத்த நாள்தான் கடைசி. நான் விழித்தபோது இவர் ஏற்கெனவே எழுந்து கட்டில் ஓரத்தில், ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வழக்கமாக இன்சுலினை இவரே போட்டுக்கொள்வார். அன்று, "கை நடுங்குது, நீயே போட்டு விடு" என்றார். டீயை நீட்டினேன். டம்ளருக்குப் பக்கத்தில் காற்றைப் பிடித்துவிட்டுப் பிறகு டம்ளரைப் பிடித்தார். கோபம் இன்னும் தீரவில்லை போல என்று நினைத்தேன். "போவமா?" என்று கேட்டதற்கு, "வாரேன், வாரேன், முன்னால நட" என்றார். கடலுக்கு நடக்கும்போது என் தோள்மேல் கையைப் போட்டுக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து நாலு பேர் பார்க்க இந்த மனிதர் என்மேல் கை வைத்து நடந்ததில்லை. எனக்குக் கூச்சமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. நேற்றைய சண்டைக்கு இதுதான் சமாதானம் என்று எடுத்துக்கொண்டேன்.

தண்ணீருக்குள் இறங்கியதும், "இன்னைக்கும் நீதான் சொல்லணும்" என்றார். "கெழக்கு மேக்கு வேணாம். சோத்துக்கை, பீச்சாங்கைன்னு சொல்லு."

நான் இவருக்குப் பின்னால் ஒட்டி நின்றுகொண்டேன். வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு வழிகாட்டி என் கையைத் தொட்டுக் காட்டினார். எனக்கே தெரிந்தது. தண்ணீருக்கடியில் ஒற்றையாக ஒரு கருநிழல், மணலைக் கிளறிக்கொண்டு எங்களைப் பார்த்து வந்தது.

"பீச்சாங்கைப் பக்கம். இன்னும் கொஞ்சம் திரும்புங்க. நேரா. நாலு ஆள் நீளம் தள்ளி வருது."

நூல் தலைக்கு மேல் போய் வந்தது. இறகு விழுந்த இடத்தில் சத்தமே இல்லை. "இழுங்க, மெதுவா இழுங்க" என்றேன். நிழல் திரும்பியது, பாய்ந்தது. இந்தத் தடவை இவர் கம்பைத் தூக்கவில்லை. வழிகாட்டி சொன்ன மாதிரியே நூலை நேராக இழுத்தார். மீன் பிய்த்துக்கொண்டு ஓடியது. கம்பு வில்லாக வளைந்தது, இவருடைய கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. "மூச்சுப்பிடிக்காதீங்க! கண்ணு! போனாப் போகுது, விட்டுருங்க!" என்று கத்தினேன். இவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு அப்போது பிடிபடவில்லை.

வழிகாட்டி மீனின் வாலைப் பிடித்து முள்ளை எடுத்து, இவருடைய இரண்டு கையிலும் வைத்தார். வீடியோவில் பார்த்ததெல்லாம் ஒன்றுமே இல்லை. மயில் கழுத்து நிறத்தில் சேலை கட்டியிருக்கிறேன், அதுவும் இதற்கு உறை போடக் காணாது. அந்த நீலம் மீனுக்கு உள்ளேயிருந்து வந்துகொண்டிருந்தது. என் அத்தனை எரிச்சலும் போன இடம் தெரியவில்லை. போட்டோ எடுக்கச் செல்போனைத் தூக்கினேன். திரையில் பார்த்தால், இவருடைய முகம் மீனுக்கு ஒரு சாண் மேலே எதையோ பார்த்துக்கொண்டிருந்தது.

"நீலமா இருக்கா?" என்று கேட்டார்.

பீற்றிக்கொள்கிறார் என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகு செல்போனை இறக்கினேன்.

"ஏங்க, தெரியலையா?"

"விடியக்காலையிலேயே திரை எறங்கிருச்சு. முழிச்சுப் பாத்தா ஒரே கறுப்பு. வெயில்ல தூக்கிப் பிடிச்சா லேசாத் தெரியும்னு நெனச்சேன்."

மீனை வெயிலுக்கு நேராகத் தூக்கினார். இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார். முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்து, மூக்கில் இடிக்கிற மாதிரி வைத்துக்கொண்டு விழித்து விழித்துப் பார்த்தார். "சேட்டா, வெள்ளத்தில, தண்ணில விடு, அது செத்துப்போகும்" என்றார் வழிகாட்டி. "செத்தப் பொறுங்கண்ணே" என்று இவர் கெஞ்சினார். யாரிடமும் கெஞ்சிப் பார்த்ததில்லை இவரை. மீன் வாயைத் திறந்து திறந்து மூடியது. வழிகாட்டி மறுபடியும் சொன்னார், குரலில் கோபம் இருந்தது. நான் விடச் சொல்லவில்லை.

"இன்னும் நீலமா இருக்கா?"

வயிற்றோரம் வெளுத்து, முதுகில் சாம்பல் ஏறிக்கொண்டிருந்தது.

"இருக்கு."

"நல்லா இருக்கா?"

"அம்புட்டு அழகா இருக்குங்க."

அதற்குப் பிறகுதான் குனிந்து, தண்ணீருக்குள் கையை இறக்கி, விரல்களைத் திறந்தார். மீன் ஒருக்களித்து வயிறு தெரிய மல்லாந்தது. அலை அதைத் தள்ளிக்கொண்டு வந்து என் முழங்காலில் சாய்த்தது. வழிகாட்டி எடுக்கக் கையை நீட்டினார். நான் அவருடைய மணிக்கட்டைப் பிடித்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அவர் என்னைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், பிறகு கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இவர் குனிந்தபடியே வெறுங்கையைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

"போயிருச்சா?"

"போயிருச்சுங்க."

"வேகமாப் போச்சா?"

"நல்ல வேகமாத்தான் போச்சு" என்றேன்.