கௌதாரியின் கழுத்து

ஐம்பதுகளின் கடைசியில், இறந்துபோன அப்பாவின் இரட்டைக்குழல் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு தென்காசிக்குப் போனேன். பாத்திரங்களில் பெயர் வெட்டுகிற ஒருவர், துப்பாக்கியில் தேய்ந்த சித்திரங்களையும் மறுபடி வெட்டித் தருவார் என்றார்கள். ஒல்லியான மனிதர், கண்ணாடிக் காம்பில் நூல் சுற்றியிருந்தார். இரும்பைத் தொடுமுன் அதன்மேல் வாயால் ஊதுவார். ஆவி படிந்ததும் மறைந்த கோடுகள் ஒரு கணம் தெரியும்.

ஊதிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கொடியும் இலையும் லேசாத்தான் தேஞ்சிருக்கு. இந்தக் கௌதாரி மட்டும் மழமழன்னு போயிருக்கு. வெடிமருந்துப்புகை படுத இடத்துல, இரும்பத் தீயில காய்ச்சி ஏத்துன நீல நெறம்கூட மாறல. உங்கப்பா சுட்டதே இல்ல தம்பி. பறவையத் தடவிக்கிட்டே இருந்திருக்காரு."

எங்கள் ஊர் இலத்தூரில் அப்பாவைக் குறி பார்த்துச் சுடத் தெரியாதவர் என்று கேலி செய்வார்கள். வேட்டைக்குப் போய் வெறுங்கையோடு திரும்பும் அவரைப் பார்த்து நானும் வெட்கப்பட்டிருக்கிறேன்.

"பறவையத் தொடாதீங்க. மத்தத மட்டும் வெட்டுங்க" என்றேன்.

எட்டு நாள் கழித்துப் போனபோது கௌதாரி இறகு இறகாக எழுந்து நின்றது. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"அவரு தேச்சது அவரோட போச்சு. இனி நீங்க தேயுங்க" என்று சொல்லித் துணியில் சுற்றிக் கொடுத்தார்.

நானும் இதுவரை சுட்டதில்லை. கௌதாரியின் கழுத்து லேசாக மழுங்கத் தொடங்கியிருக்கிறது.